பந்து வீசும் கை

ஐதராபாத்துக்குப் படிக்க வரும் தமிழ் மாணவன் இவ்வூர்க்காரரோடு நட்புக் கொள்ள விரும்பினால், கிரிக்கெட்டைப் பற்றிப் பேச்சைத் தொடங்கினால் போதும். தெலுங்கு வராவிட்டாலும், உருது அரைகுறையாகப் புரிந்தாலும், ஜெய்சிம்மா, அசாருதீன், லட்சுமண் என்று மூன்று பெயர்களைச் சொல்லிவிட்டால் ஈரானித் தேநீர்க் கடையில் நமக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். மூவரும் மட்டை பிடித்தவர்கள். மணிக்கட்டைச் சற்றே திருப்பி, பந்தை நினைத்த திசைக்கு அனுப்பும் கலையில் வல்லவர்கள். அந்த அழகைப் பற்றி இவ்வூர் முதியவர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள்.

பந்து வீசியவர்களைப் பற்றிக் கேட்டால் சுழற்பந்துக்காரர்களின் பெயர்கள் வரும். 22 டெஸ்ட் ஆட்டங்களில் 68 விக்கெட்டுகள் எடுத்த குலாம் அகமது, அவருக்குப் பின் சிவலால் யாதவ், அர்ஷத் அயூப், வெங்கடபதி ராஜு. வேகத்துக்கு மட்டும் இவ்வூர் பெயர் பெற்றதில்லை. 1962-63ஆம் ஆண்டுப் பருவத்தில், இந்திய மட்டையாளர்களை வேகப்பந்துக்குப் பழக்க வேண்டும் என்று மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து நான்கு வேகப் பந்து வீச்சாளர்களை வரவழைத்தார்கள். அவர்களுள் ராய் கில்கிறிஸ்ட் என்பவர் ஐதராபாத்துக்காக ஆடினார். வேகத்தை அன்று கப்பலேற்றிக் கொண்டுவர வேண்டியிருந்த ஊர் இது. அதே ஊரின் ஒரு தெருவிலிருந்து, ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகன் வேகப் பந்து வீச்சாளனாகப் புறப்பட்டு உலகைச் சுற்றினான். முகமது சிராஜைப் பற்றித்தான் இக்கட்டுரை.

நான் கிரிக்கெட் வல்லுநன் அல்லன், பொருளியல் மாணவன். ஆகவே இதை ஒரு தொழிலாளியின் வாழ்க்கையாகவே பார்க்கிறேன். அப்படிப் பார்ப்பதற்குக் காரணமும் உண்டு. கிரிக்கெட்டில் மட்டையாளன் நிலக்கிழானைப் போன்றவன். நிற்கும் இடத்தில் நின்று, வருவதை எதிர்கொள்கிறான். வேகப் பந்து வீச்சாளனோ நெடுந்தூரம் நடந்து திரும்பி, ஓடி வந்து, தன் உடல் எடையைப் போலப் பல மடங்கு சுமையை முன்னங்காலில் தாங்கி, கையைச் சுழற்றி எறிகிறான். எறிந்தபின் திரும்பி நடக்கிறான். ஓர் ஓவருக்கு ஆறு முறை. ஒரு நாளில் நூறு முறைகூட. வெயிலானாலும் வேலை இதுதான்.

இவனுக்கு ஒத்த தொழிலாளி அமெரிக்காவிலும் உண்டு. பேஸ்பால் என்னும் ஆட்டத்தில் பந்தை எறிபவனைப் பிட்சர் என்பர். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஏறத்தாழ நூறு முறை எறிந்ததும் அவனை வெளியே அழைத்துக்கொள்வார்கள். பிறகு நான்கைந்து நாள் ஓய்வு. அந்தக் கையின் விலை அவர்களுக்குத் தெரியும். 2008ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடந்த ஓர் எறிதல் போட்டியின் மூலம், உத்தரப் பிரதேசத்தில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்னும் இரு இளைஞர்களைக் கண்டெடுத்து, பிட்ஸ்பர்க் நகரத்துக் குழு ஒப்பந்தம் செய்துகொண்டது. பேஸ்பால் என்ற சொல்லையே அதற்குமுன் அறியாதவர்கள் அவர்கள். மேல்நிலை ஆட்டங்களை அவர்கள் எட்டவில்லை. ஆயினும் நம் நாட்டு ஏழை வீட்டுக் கைகளில் என்ன இருக்கிறது என்பதை அந்நிகழ்ச்சி உலகுக்குக் காட்டியது. சிராஜின் கையும் அவ்வகையானதே.

அவர் 1994ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் பிறந்தார். தந்தை முகமது கௌஸ் ஆட்டோ ஓட்டியவர். மாசாப் டாங்குக்கு அருகே, ஃபர்ஸ்ட் லான்சர் பகுதியில் உள்ள ஈத்கா மைதானத்தில் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு வீசப் பழகியவர் சிராஜ். முறையான பயிற்சிப் பள்ளி இல்லை. காலுக்கு ஏற்ற காலணி இல்லை. தாய்மாமன் தலைமை தாங்கிய ஒரு குழுவுக்காக ஆடி ஒன்பது விக்கெட்டுகள் எடுத்ததும், அம்மாமன் மகிழ்ந்து 500 ரூபாய் கொடுத்ததும்தான் ஆட்டத்தில் கிடைத்த முதல் வருவாய் என்று அவர் கூறியிருக்கிறார். விருந்துகளுக்குச் சமைக்கும் இடங்களில் ரூமாலி ரொட்டி போட்டு நூறு, இருநூறு ரூபாய் சம்பாதித்ததையும், அதில் கை சுட்டுக்கொண்டதையும் சொல்லியிருக்கிறார்.

உப்பல் மைதானத்துக்குப் பயிற்சிக்குப் போக அவரிடம் ஒரு பழைய பிளாட்டினா வண்டி இருந்தது. தள்ளினால்தான் கிளம்பும். பெட்ரோலுக்குத் தந்தை 60 ரூபாய் கொடுப்பார். உடன் பயின்றவர்கள் காரில் வந்து இறங்கினார்கள். நம் வளாகம் இருக்கும் கச்சிபௌலியிலிருந்து உப்பலுக்குப் பேருந்தில் போனவர்களுக்கு இந்த ஊரின் அகலம் தெரியும். அந்த 60 ரூபாய் எத்தனை சவாரிகளில் மிஞ்சியதோ! வீட்டு வாடகை, அரிசி, பருப்பு, மருந்து எல்லாம் போக, ஒரு மகன் பந்து வீசுவதற்கென்று தினமும் ஒரு தொகையை எடுத்துவைத்த தந்தையை என்னால் எளிதாக மனக்கண்ணில் காண முடிகிறது. ஏனெனில் என் தந்தை குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். என் விடுதிக் கட்டணம் எத்தனை இரவு ஷிப்டுகளில் மிஞ்சியது என்று அவர் சொன்னதில்லை. நான் கணக்குப் பார்த்திருக்கிறேன்.

2015 நவம்பரில் சிராஜ் ஐதராபாத்துக்காக முதல் ரஞ்சி ஆட்டத்தை ஆடினார். அடுத்த பருவத்தில் ஐதராபாத்துக்குப் பயிற்சியாளராக வந்தவர் நம்மவர். தமிழ்நாட்டுக்காக ஆடிய பரத் அருண். அந்தப் பருவத்தில் சிராஜ் எடுத்த விக்கெட்டுகள் 41. 2017 பிப்ரவரியில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் 20 லட்ச ரூபாயில் தொடங்கிய அவர் விலை 2.6 கோடியில் முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் ராஜ்கோட்டில் இந்தியாவுக்காக முதல் இருபது ஓவர் ஆட்டம்.

கதை இங்கே முடிந்திருந்தால் அது அதிர்ஷ்டத்தின் கதை. ஆனால் ராஜ்கோட்டில் அவர் நான்கு ஓவர்களில் கொடுத்த ஓட்டங்கள் 53. 2019 ஜனவரியில் அடிலெய்டில் முதல் ஒருநாள் ஆட்டம். பத்து ஓவர்களில் 76 ஓட்டங்கள், விக்கெட் ஒன்றுகூட இல்லை. அதே ஆண்டு ஐ.பி.எல். ஆட்டங்களிலும் அடி விழுந்தது. அப்போது மக்கள் அவரைப் பார்த்துச் சொன்ன சொல், “போய் உன் அப்பாவோடு ஆட்டோ ஓட்டு” என்பது. ஊரார் சொல்லும் எதையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று தோனி அறிவுரை கூறியதாகவும், அது தமக்குத் துணையாக இருந்ததாகவும் சிராஜ் பின்னாளில் கூறினார்.

நண்பர்களே, அந்த ஏச்சைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆட்டோ ஓட்டுவது எந்த வகையில் இழிவு? நாள்தோறும் நாம் வளாக வாயிலில் ஏறும் ஆட்டோவை ஓட்டுபவர், நள்ளிரவில் இரயிலிலிருந்து இறங்கும் நம்மை விடுதி வாசலில் கொண்டுவந்து விடுபவர், எந்தத் தவற்றுக்கான தண்டனையாக அதைச் செய்கிறார்? படித்த நாடு என்று பெயர் வாங்கிய பின்னும், ஒருவனைத் திட்ட வேண்டுமானால் அவன் தந்தை செய்யும் வேலையைச் சொன்னால் போதும் என்று நாம் எண்ணுகிறோம். சிராஜ் தம் தந்தையின் தொழிலை ஒருநாளும் மறைத்ததில்லை. பேட்டிதோறும் சொன்னார். ஏசியவர்கள் கையிலெடுத்த சொல்லை அவர் தம் பெருமையாகவே வைத்துக்கொண்டார்.

2020 அக்டோபர் 21ஆம் நாள் அபுதாபியில் கொல்கத்தாக் குழுவுக்கு எதிராக நான்கு ஓவர், இரண்டு மெய்டன், எட்டு ஓட்டங்கள், மூன்று விக்கெட்டுகள். ஐ.பி.எல். ஆட்டம் ஒன்றில் இரண்டு மெய்டன் ஓவர்கள் வீசிய முதல் வீச்சாளர் அவரே. அடுத்த மாதம் இந்தியக் குழுவோடு ஆஸ்திரேலியாவுக்குப் போனார். சிட்னியில் நோய்த்தொற்றுக் கால விதிப்படி எல்லாரும் ஒதுங்கி இருந்தபோது, நவம்பர் 20ஆம் நாள், ஐதராபாத்தில் தந்தை கௌஸ் நுரையீரல் நோயால் காலமானார். வயது 53. ஊருக்குத் திரும்பலாம் என்று கிரிக்கெட் வாரியம் கூறியது. சிராஜ் திரும்பவில்லை. தந்தையின் கனவை நிறைவேற்று என்று தாய் சொன்னதாக அவர் கூறினார்.

விடுதியில் எங்களுக்குள் சூடான வழக்கு இதைப்பற்றியே நடந்தது. என் அறைத் தோழன் மதுரைப் பக்கத்தவன். “என்னதான் சொல்லு மாப்ள, பெத்த அப்பன் மொகத்தைப் பாக்காம அப்படி என்னடா வெளையாட்டு?” என்றான். அவன் கேள்வியை எளிதாகத் தள்ள முடியாது. நம் சமுதாயத்தில் சாவுக்குப் போகாமல் இருப்பது சிறிய செயலன்று. கல்யாணத்துக்கு அழைத்தால்தான் போக வேண்டும், சாவுக்கு அழையாமலே போக வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம்.

ஆனால் எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. முதலாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது என் அப்பாயி இறந்துபோனார். தறிச்சத்தத்துக்கு நடுவே என்னை மடியில் போட்டு வளர்த்தவர். செகந்திராபாத்தில் வண்டி ஏறினால் ஈரோட்டில் இறங்க மறுநாள் ஆகும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அப்பா தொலைபேசியில் சொன்னார்: “பரீட்சைய முடிச்சிட்டு வா கண்ணு. அப்பாயி இருந்திருந்தா அதுவும் இதத்தான் சொல்லியிருக்கும்.” மிச்சமிருந்த இரண்டு தாள்களையும் எழுதினேன். எழுதும்போது அழவில்லை. ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போய், வெறுமையாகக் கிடந்த கயிற்றுக் கட்டிலைப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது. அந்த இரண்டு தாள்களை நான் அன்பில்லாமல் எழுதினேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆகவே என் தோழனுக்கு நான் கூறிய விடை இது. ஏழை வீடு ஒரு பிள்ளையை வெளியூருக்கு அனுப்பும்போது, அவனை மட்டும் அனுப்புவதில்லை. வீட்டின் சேமிப்பையும் தூக்கத்தையும் சேர்த்து அனுப்புகிறது. அவன் ஊருக்குத் திரும்புவதும் கடமை. அனுப்பிய காரியத்தை முடிப்பதும் கடமை. இரண்டும் ஒரே நாளில் வந்து நிற்கும்போது எதைத் தேர்ந்தாலும் ஒன்று குறைபடும். சிராஜ் போயிருந்தாலும் சரியே. இருந்ததும் சரியே. தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கும் அவர் தாய்க்கும் மட்டுமே உண்டு. நாம் செய்யத்தக்கது ஒன்றே: “இவன் அப்பன் செத்தபோதும் ஆடினான் பார், நீ ஏன் லீவு கேட்கிறாய்?” என்று வேறு எவரிடமும் அதைக் காட்டிக் கேட்காமல் இருப்பது. ஒருவன் தானாகக் கொடுத்ததை மற்றவனிடம் வரியாக வசூலிக்கக் கூடாது.

பிறகு நடந்ததை உலகமே அறியும். காயமடைந்த ஷமியின் இடத்தில், 2020 டிசம்பர் 26ஆம் நாள் மெல்போர்னில் முதல் டெஸ்ட், ஐந்து விக்கெட்டுகள். சிட்னியில் நாட்டுப்பண் ஒலித்தபோது அவர் கண்களில் நீர் வழிந்தது. அதே மைதானத்தில் பார்வையாளர் சிலர் அவரை இழிசொல்லால் ஏச, அவர் அதை நடுவரிடம் முறையிட்டார், ஆட்டம் நின்றது, சிலர் வெளியேற்றப்பட்டனர். பிரிஸ்பேனில் நடந்த நான்காம் டெஸ்டின்போது மூத்த வீச்சாளர்கள் எல்லாரும் காயத்தால் விலகியிருந்தனர். இரண்டே டெஸ்ட் ஆடிய சிராஜ்தான் பந்து வீச்சுப் படைக்குத் தலைவர்! இரண்டாம் இன்னிங்சில் 73 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகள் எடுத்தார். 1988க்குப் பிறகு அந்த மைதானத்தில் தோல்வியையே காணாத ஆஸ்திரேலியா, 2021 ஜனவரி 19ஆம் நாள் தோற்றது.

அந்த ஆட்டத்தில் அவருடன் பந்து வீசியவர்களுள் ஒருவர் நம் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராசன். நெசவுத் தொழிலாளியின் மகன். அவருக்கு அது முதல் டெஸ்ட். அந்த நவம்பரில் பிறந்த தம் முதல் குழந்தையின் முகத்தை நேரில் பாராமலேயே ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்தவர் அவர். ஒருவர் தந்தையைப் புதைத்த இடத்தைப் பார்க்கவில்லை. மற்றவர் பிறந்த மகளைப் பார்க்கவில்லை. தறி வீட்டுப் பிள்ளையும் ஆட்டோ வீட்டுப் பிள்ளையும் ஒரே பந்தைக் கை மாற்றி வீசினார்கள். நாடு திரும்பியதும் சிராஜ் விமான நிலையத்திலிருந்து நேராகத் தந்தையின் அடக்கத்தலத்துக்குப் போனார். என் தோழன் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

அவர் வீச்சைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். தொடக்கத்தில் அவர் பந்து, வலக்கை மட்டையாளருக்கு உள்ளே வளையும். இடையில் அந்த வளைவு அவரைக் கைவிட்டது. அதன்பின் பந்தின் தையலைத் தளர்வாகப் பிடித்து, காற்றில் அது ஆடிக்கொண்டே செல்லுமாறு வீசப் பழகினார். அப்படிப் போகும் பந்து தரையில் தையல் எப்படிப் படுகிறதோ அதற்கேற்ப உள்ளேயும் வரும், வெளியேயும் போகும். வீசியவருக்கே முன்கூட்டித் தெரியாது. தெரியாத ஒன்றை மட்டையாளன் எப்படிக் கண்டுகொள்வான்? 2023 செப்டம்பர் 17ஆம் நாள் கொழும்பில் நடந்த ஆசியக் கோப்பை இறுதியாட்டத்தில் ஒரே ஓவரில் நான்கு விக்கெட்டுகள். மொத்தம் 21 ஓட்டங்களுக்கு ஆறு. இலங்கை 50 ஓட்டங்களில் சுருண்டது. அன்று ஆட்ட நாயகனுக்குக் கிடைத்த 5,000 டாலரை மழையோடு போராடிய மைதானப் பணியாளர்களுக்கே கொடுத்துவிட்டார். தொழிலாளியின் அருமை தொழிலாளிக்குத்தான் தெரியும். 2024 ஜனவரியில் கேப்டவுனில் 15 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட்டுகள், தென்னாப்பிரிக்கா 55. அதே ஆண்டு அக்டோபரில் தெலங்கானா அரசு அவருக்குக் காவல்துறைத் துணைக் கண்காணிப்பாளர் பதவி அளித்தது.

ஆயினும் உயரத்துக்குப் போனவரை இறக்கிவிடவும் ஆள் உண்டு. 2025ஆம் ஆண்டுச் சாம்பியன்ஸ் கோப்பைக்கான குழுவில் அவர் பெயர் இல்லை. அந்தக் கோடையில் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்ட் ஆட்டங்கள். லார்ட்சில் 22 ஓட்டங்களில் இந்தியா தோற்றபோது கடைசியாக வீழ்ந்த மட்டையாளர் அவரே. தடுத்த பந்து உருண்டுபோய்க் குச்சியைத் தட்டியது. ஓவலில் ஆகஸ்ட் 3ஆம் நாள், ஹாரி புரூக் 19 ஓட்டங்களில் இருந்தபோது தூக்கியடித்த பந்தை எல்லைக் கோட்டில் பிடித்த சிராஜ், பிடித்த கையோடு எல்லைக் கயிற்றை மிதித்துவிட்டார். விக்கெட்டாக இருந்திருக்க வேண்டியது சிக்சர் ஆயிற்று. புரூக் 111 எடுத்தார். விடுதித் தொலைக்காட்சி அறையில் அன்று எழுந்த வசவுகளை இங்கே எழுத முடியாது.

மறுநாள் திங்கட்கிழமை. நம் நேரப்படி பிற்பகல் மூன்றரை மணிக்கு ஆட்டம் தொடங்கியது. இங்கிலாந்து வெல்ல 35 ஓட்டங்களே வேண்டும். நான்கு விக்கெட்டுகள் கையில். பும்ரா அந்த ஆட்டத்தில் இல்லை. அதற்குமுன் ஐந்து ஆட்டங்களிலும் ஓய்வின்றி வீசியிருந்த சிராஜ் மீண்டும் ஓடி வந்தார். ஸ்மித் வீழ்ந்தார், ஓவர்ட்டன் வீழ்ந்தார், டங்கை பிரசித் கிருஷ்ணா வீழ்த்தினார். தோள் பிசகிய வோக்ஸ், ஒரு கையைக் கட்டிக்கொண்டு கடைசி ஆளாக வந்து நின்றார். இறுதியில் அட்கின்சனின் குச்சியைச் சிராஜின் பந்து பெயர்த்தது. ஆறே ஓட்டங்களில் இந்தியா வென்றது. முந்திய நாள் வசைபாடிய அதே அறையில் மேசைகள் அதிர்ந்தன.

அந்தத் தொடரில் இரு பக்கத்திலும் மிகுதியான விக்கெட்டுகள் எடுத்தவர் சிராஜ், 23 விக்கெட்டுகள். வீசிய பந்துகள் 1,113. நான் அந்த இரண்டாவது எண்ணையே பெரிதாக எண்ணுகிறேன். 23 முறை நாம் கைதட்டினோம். மீதி 1,090 முறையும் அவர் திரும்பி நடந்தார். மீண்டும் ஓடி வந்தார்.

நம்மில் பலருடைய நாள்கள் அந்த 1,090 பந்துகளைப் போன்றவை. திரும்பிவந்த ஆய்வுக் கட்டுரை, கிடைக்காத உதவித்தொகை, பாதியில் நின்ற சோதனை, ஊரிலிருந்து வரும் கவலையான தொலைபேசி. இவற்றுக்குக் கைதட்டல் இல்லை. ஆனால் நம் வீட்டார் நம்மிடம் கைதட்டலைக் கேட்டு அனுப்பவில்லை. நாள்தோறும் வேலைக்குப் போகும் அவர்களுக்கு, நாமும் நாள்தோறும் போகிறோம் என்று தெரிந்தால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈத்கா மைதானத்துப் பக்கம் போய்வாருங்கள். போகும்போது ஆட்டோவில் போங்கள். ஓட்டுநரிடம் சிராஜைப் பற்றிக் கேளுங்கள். கொஞ்சம் உருதுவும் நிறையக் கை அசைவும் போதும்.